மால்குடிக்கு வந்திறங்கியவர்கள்

பெருநகரத்தைக் களமாகக் கொண்டு நாவல் எழுதப் புகுகிற ஆசிரியர், தம்முடைய இரண்டு பாத்திரங்களை மறுபடியும் மறுபடியும் தற்செயலாகச் சந்திக்கச் செய்வதற்கே பல யுக்திகளைக் கையாள வேண்டியிருக்கிறது. கிராமத்தை எடுத்துக்கொண்டவருக்கோ அந்தக் கஷ்டமில்லை என்றாலும், அங்கே எல்லோரும் ஏதோ ஒரு வழியில் உறவினராகவோ பங்காளிகளாகவோ இருந்துவிடுவதால், அந்நியன் ஒருவன் வந்து சேருவதற்குத் தனிக் காரணம் கற்பிக்க வேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒரு முனிசிபாலிட்டி, ஒரு ஹைஸ்கூல், ஒரு முன்சீப் கோர்ட்டு, நாளைக்குச் சில வண்டிகள் நின்று போகும் ஒரு ரயில் நிலையம் என்னும் அளவோடு அமைந்துவிட்ட மொபசல் பட்டணம் இருக்கிறதே, அதுதான் கதாசிரியனுக்கு வாய்த்த பாக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்க முடியாது. ஆனால் புதியவர் வருவதற்கும் கதவு திறந்தே இருக்கிறது.

இந்தப் பாக்கியத்தை ஆர். கே. நாராயணைப் போல நெடுங்காலம் அனுபவித்தவர்கள் சிலரே. 1930-இல், பாட்டி பார்த்துக் கொடுத்த ஒரு நல்ல நாளில், பெங்களூரில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோது, முதலில் அவர் மனத்தில் தோன்றியது மால்குடி என்னும் கற்பனை ஊரன்று, அதன் ரயில் நிலையமே. கிரஹாம் கிரீனின் முயற்சியால் 1935-இல் லண்டனில் வெளியான 'சுவாமியும் நண்பர்களும்' முதற்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேலாக, சரயு நதியும் மெம்பி மலையும் மார்க்கெட் ரோடும் கபீர் தெருவும் அவருடைய நாவல்களில் வந்தவண்ணமே இருந்தன.

அவற்றுள் 1952-இல் வந்த 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்' இவ்விஷயத்தில் மிகவும் கவனிக்கத்தக்கது. கூட்டுறவு நில அடமான பாங்கியின் எதிரே, ஆலமரத்தடியில், ஒரு தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, அந்தப் பாங்கியிலேயே கடன் வாங்குவது எப்படி என்று குடியானவர்களுக்கு யோசனை சொல்லிப் பிழைக்கிற மார்கய்யா, பிறகு ஊராரின் பணத்தையெல்லாம் அதிக வட்டிக்கு டெபாசிட்டாக வாங்கிப் பெரும் பணக்காரராகிறார். அவருக்கு ஆஸ்தி என்று இருந்ததெல்லாம் ஊரார் வாயில் புழங்கிய மதிப்பு ஒன்றே. தம் மகனைக் கெடுத்தான் என்ற ஆத்திரத்தில் டாக்டர் பால் என்பவனை அவர் அடித்துவிட, அவன் கட்டோடு வெளியே போய், போட்ட பணம் திரும்பாது என்று நாலு பேரிடம் சொல்கிறான். அவ்வளவுதான், வாசலில் கூட்டம் கூடி அவர் ஒரே மூச்சில் திவாலாகிறார். பம்பாயில் இப்படி ஒருவனை வீழ்த்துவதற்குப் பத்திரிகைகளும் போலீஸும் வக்கீல்களும் வேண்டும். மால்குடியில் வாய்ச்சொல்லே போதுமானதாக இருக்கிறது.

நாராயண் அடிக்கடி கைக்கொள்ளும் மற்றொரு முறை, வெளியூரிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து விடுவது. 'தி கைடு' நாவலில் நடனக்காரி ரோஸியும் அவள் கணவனும் ரயிலில் வந்திறங்க, ஸ்டேஷனில் கடை வைத்திருந்த ராஜுவின் வாழ்க்கை தடம் மாறுகிறது. மற்றொரு நாவலில் மிருகங்களைக் கொன்று பாடம் செய்யும் வாசு, அச்சுக்கூடம் நடத்தும் சாதுவான நடராஜின் மாடியில் வந்து குடியேறுகிறான். 'டாக்கடிவ் மேன்' கதையில் டாக்டர் ரான் என்பவர் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமையே வீடாக்கிக்கொள்கிறார். வந்தவர்கள் ஊரைக் கலக்குகிறார்கள். சிறிது காலத்தில் ஊர் அவர்களை வெளியே தள்ளிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல மறுபடி காப்பி குடிக்க உட்காருகிறது. (அமெரிக்கரான ஷெர்வுட் ஆண்டர்ஸன் 1919-இல் எழுதிய ஒஹையோ மாநிலத்துக் கதைகளில் இதற்கு நேர் எதிரான திசை: ஊராரின் அந்தரங்கங்களையெல்லாம் கேட்ட இளம் நிருபன் கடைசியில் ரயிலேறிப் போய்விடுகிறான்.) மால்குடியின் இந்த மாறாத் தன்மையை வி. எஸ். நைபால் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனத்தில் நியாயம் உண்டென்றே நான் நினைக்கிறேன். ஜாதியின் கொடுமையும் வயிற்றுப் பசியும் மால்குடியின் தெருக்களில் சற்று மெதுவாகத்தான் நடமாடுகின்றன.

சுந்தர ராமசாமி 1966-இல் வெளியிட்ட 'ஒரு புளியமரத்தின் கதை'யை அருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். நாகர்கோவிலை அறிந்தவர்கள் உடனே இனங்கண்டுகொள்ளக்கூடிய அந்தப் பட்டணத்தில், ஒரு காலத்தில் குளத்தின் நடுவே நின்ற மரம், குளம் தூர்ந்து நாற்சந்தியான பிறகு, கடைக்காரர்களின் போட்டிக்கும் முனிசிபல் தேர்தலுக்கும் பத்திரிகைக்காரனின் சாமர்த்தியத்துக்கும் நடுவே அகப்பட்டு மடிகிறது. வெளியாள் ஒருவரும் வந்து கெடுக்கவில்லை. கெடுத்தவர்கள் அத்தனை பேரும் அதன் நிழலில் பிழைத்தவர்கள்.

மேலும் ஒரு வித்தியாசம். புளியமரத்தின் கதையைச் சொல்லும் தாமோதர ஆசான் வாய் திறந்து இரண்டு வாக்கியம் பேசினால், அவர் எந்தச் சீமையைச் சேர்ந்தவர் என்பது தெரிந்துவிடுகிறது, தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் கும்பகோணம் பாதிக்கு மேல் சம்பாஷணையிலேயே கட்டப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய நாராயணுக்கு இந்த வசதி இல்லை. எல்லோரும் ஒரே விதமான, ஒழுங்கான ஆங்கிலத்தில் பேசும்படி நேர்ந்துவிட்டபடியால், பேச்சில் வராத ஊரைத் தெருவாலும் கடையாலும் சிலையாலும் ஈடுசெய்ய வேண்டியவரானார். அதனால்தானோ என்னவோ, இல்லாத அந்த ஊருக்கு வாசகர்கள் வரைபடம் எழுதினார்கள். கதையைத் தொலைக்காட்சிக்கு எடுத்த சங்கர் நாக், கர்நாடகத்து அகும்பேயைப் போய்த் தேடிப் பிடித்தார். 'மோகமுள்' படித்தவன் அப்படி எங்கும் தேட வேண்டியதில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு கும்பகோணத்தில் இறங்கினால் போதும்.