சலாவை எடுத்தது யார்?

2017-இல் ரோமா அணியிலிருந்து முகமது சலாவை இங்கிலாந்துக் கால்பந்து அணியான லிவர்பூல் வாங்கியதற்குப் பின்னால் மைக்கேல் எட்வர்ட்ஸின் ஆளெடுப்புக் குழு இருந்தது. அவர்கள் விடாமல் வற்புறுத்தியதைப் பயிற்சியாளர் யூர்கன் கிளாப்பே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் பருவத்திலேயே சலா லீக்கில் 32 கோல் அடித்தார்; 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இல் 30 ஆண்டு காத்திருந்த லீக் பட்டம். அப்படியானால் பெருமையெல்லாம் அலுவலக அறைக்கா? அவசரம் வேண்டாம். இதே சலா முன்பு செல்சியில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். ஆளை அடையாளம் காண்பது ஒரு திறமை. எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பறிக்கும் ஆட்டத்தை அமைத்து சலாவின் வேகத்துக்குக் கிளாப் வேலை கொடுத்தது வேறொரு திறமை. கேட்காமல் இருக்க முடிந்தும் கிளாப் காதுகொடுத்தாரே, அதை நான் இன்னும் உயர்வாக மதிப்பேன்.

2024-இல் கிளாப் விலகியபின், ஏறக்குறைய அதே வீரர்களோடு புதிய பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட் முதல் பருவத்திலேயே லீக்கை வென்றார். பயிற்சியாளர் யாராயிருந்தால் என்ன என்று இதை வைத்துக் கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் ஸ்லாட் கைக்கு வந்தது வெறும் பெயர்ப்பட்டியல் அல்ல, கிளாப் பல ஆண்டுகள் பழக்கிய அணி. அதன் வேகத்தைச் சற்றே தணித்து, பந்தைக் கூடுதலாகத் தக்கவைத்தது ஸ்லாட்டின் கணக்கு. அவரைத் தேடிப் பிடித்ததோ, மறுபடி அலுவலகம்தான்.