அக்காளுக்கு லூப்பஸ்: தங்கைக்கும் வருமா?

குளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மூத்தவளுக்கு ‘லூப்பஸ்’ என்று டாக்டர் சொல்லிவிட்டால், இளையவளின் கல்யாணப் பேச்சை நிறுத்துவதா? வேண்டவே வேண்டாம்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் வியாதி இது, தொற்றாது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். உடன்பிறந்தாரின் இரத்தத்தில் ஏ.என்.ஏ. என்ற அடையாளம் சில சமயம் தென்படும். அவர்களில் பெரும்பாலோருக்கு வியாதி வருவதில்லை. ஈ.எஸ்.ஆரோ சோகையிலும் ஏறும். சீட்டைப் பார்த்து மிரள வேண்டாம்.

நோயாளிக்கே காய்ச்சல் என்றால் சங்கதி வேறு. லூப்பஸ் மிஞ்சும்போது பெரும்பாலும் ஈ.எஸ்.ஆர். ஏறும்; சி.ஆர்.பி. அவ்வளவாக ஏறாது. அதுவும் மிக உயர்ந்தால், கிருமித் தொற்றா என்று டாக்டர் பார்ப்பார்.

தங்கைக்கு மூட்டு வலி, வெயிலில் கன்னச் சிவப்பு, கால் வீக்கம் கண்டால் தாமதியாமல் பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் வலியில்லாமலே கெடும்.