இதயத் தமனிகளைக் காட்டும் சி.டி. ஸ்கேன்

கல்லணையில் நீர் நிறைந்திருந்தாலும், வாய்க்காலில் வண்டல் படிந்தால் கடைமடை வயல் காயும் என்பதைத் தஞ்சை மக்கள் நன்கறிவர். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்பும் கால்சியமும் படியும்போதும் அதுவே நிகழ்கிறது. வரப்பில் நடக்கையில் நெஞ்சில் இறுக்கம் தோன்றி, நின்றால் தணிவது அதன் அறிகுறியாக இருக்கலாம்.

இவ்வடைப்பை, தமனிக்குள் குழாய் செலுத்தாமலே சி.டி. ஆஞ்சியோகிராம் காட்டுகிறது. கை நரம்பின் வழியே அயோடின் கலந்த சாய மருந்தைச் செலுத்தி, சில விநாடிகள் மூச்சை அடக்கச் சொல்லிப் படமெடுக்கிறோம். ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியுடன் வந்த 4,146 பேரிடம் நடத்தப்பெற்று 2018இல் வெளியான ஆய்வு இதன் பயனைக் காட்டியது. வழக்கமான கவனிப்புடன் இச்சோதனையும் பெற்றோருள் 2.3 விழுக்காட்டினரே ஐந்தாண்டுகளில் மாரடைப்புக்கோ இதயத் தமனி நோயால் மரணத்துக்கோ ஆளாயினர், மற்றோருள் 3.9 விழுக்காட்டினர். நோய் உறுதியாகத் தெரிந்ததால் உரிய மருந்து உரிய காலத்தில் தொடங்கப்பட்டதே காரணம் எனக் கருதப்படுகிறது.

நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 60ஐ ஒட்டியிருந்தால் படம் தெளிவாகும். ஆகவே முந்தைய நாள் முதல் காபி, தேநீரைத் தவிர்க்க வேண்டுகிறோம். தேவையெனில் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை தருவோம். சிறுநீரக நோய், ஆஸ்துமா, ஒவ்வாமை, கருவுற்றிருத்தல், மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்ளுதல் ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவியுங்கள். எம்மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கால்சியம் மிகுந்த தமனிகளில் படம் தெளிவு குன்றலாம். அப்போது குழாய்வழி ஆஞ்சியோகிராம் தேவைப்படலாம்.

ஒன்றை மறவாதீர்கள்: ஓய்விலும் தணியாத நெஞ்சுவலியோ, அதனுடன் வியர்வையோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், ஸ்கேன் நாளுக்குக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். அவ்வேளையில் முதலில் வேண்டுவது இ.சி.ஜி.யும் அவசர சிகிச்சையுமே.