முதுகுக்கு எடுத்த ஸ்கேன், மூளையில் ரத்தக்கசிவு!

நெஞ்சில் பேஸ்மேக்கர், தலையில் மின்கருவி வைத்து இருப்பவர்களே, உஷார்! எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் விஷயத்தைச் சொல்லாமல் நுழைந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அமெரிக்காவில் ஒருவருக்கு பார்க்கின்சன் என்ற நடுக்க வியாதி. நடுக்கத்தை அடக்க டாக்டர்கள் அவரது மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, தோலுக்கு அடியில் வைத்த பேட்டரி கருவியுடன் இணைத்து இருந்தார்கள்.

அவருக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்பட்டது. ஸ்கேன் முடிந்ததும் ஒரு பக்கம் கை-கால் விழுந்துவிட்டது. மூளையில் கம்பி இருந்த இடத்தின் அருகே ரத்தக்கசிவு! பாதிப்பு நிரந்தரம் ஆகிவிட்டது.

2005-ம் ஆண்டு மருத்துவப் பத்திரிகையில் இந்தத் தகவல் வெளியானது. அதே ஆண்டு அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகமும் ஆஸ்பத்திரிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. இப்படிக் கருவி வைத்தவர்கள் ஸ்கேனுக்குப் பிறகு கோமாவில் விழுந்ததாகவும் அதில் கூறப்பட்டு இருந்தது.

முதுகைப் படம் பிடித்தால் மூளை ஏன் கெடவேண்டும்?

கம்பியே ஏரியல்

ஸ்கேன் எந்திரம் உடம்புக்குள் ரேடியோ அலையை அனுப்பித்தான் படம் பிடிக்கிறது. 1.5 டெஸ்லா எந்திரத்தில் இந்த அலை விநாடிக்கு சுமார் 6 கோடியே 40 லட்சம் தடவை அதிரும்.

மொட்டை மாடி ஏரியல் டி.வி. அலையைப் பிடிக்கிறது அல்லவா? அதேபோல உடம்புக்குள் ஓடும் நீளமான கம்பி இந்த அலையைப் பிடித்துவிடும். அந்த மின்சாரம் கம்பியின் நுனியில் போய் இறங்கும். நுனி சூடேறும். அதைத் தொட்டுக்கொண்டு இருக்கும் சதை வெந்துபோகும்.

பேஸ்மேக்கரிலும் இந்த ஆபத்து உண்டு. அதன் கம்பி நுனி இதயச் சதையில் பதிந்து இருக்கிறது.

ஏமாறும் கருவி

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எந்திரத்தில் மாறிமாறி வரும் காந்த சக்தி கம்பியில் மின்துடிப்பை உண்டாக்கும். கருவி அதை இதயத் துடிப்பு என்று நினைத்து ஏமாந்து, தன் வேலையை நிறுத்திவிடலாம். கருவியை நம்பியே துடிக்கிற இதயம் என்றால் கதி என்ன?

ஷாக் கொடுத்து உயிர் காக்கும் ஐ.சி.டி. கருவியோ, இல்லாத கோளாறு இருப்பதாக நினைத்து ஷாக் அடித்துவிடலாம்.

“மிஷினை இன்னும் ஓட விடலையே, உள்ளே போனா என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. அது தப்பு. 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்த சக்தியைவிட சுமார் 30 ஆயிரம் மடங்கு பலம் உள்ளது. கரண்டு போனாலும் அந்தக் காந்தம் ஓயாது.

1,500 ஸ்கேன்

அப்படியானால் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஸ்கேனே கிடையாதா?

முன்பு “முடியாது” என்று திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். மூளையில் கட்டியா, தண்டுவடத்தில் அழுத்தமா என்று தெரியாமல் தவிப்பதும் ஆபத்துதானே!

2011-ம் ஆண்டு எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற முதல் பேஸ்மேக்கருக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பழைய கருவிகளை வைத்து நடந்த ஒரு ஆராய்ச்சியின் முடிவு 2017-ல் வெளியானது. பேஸ்மேக்கர்காரர்களுக்கு 1,000, ஐ.சி.டி.காரர்களுக்கு 500 என்று மொத்தம் 1,500 ஸ்கேன். மார்பை மட்டும் எடுக்கவில்லை.

முன்கூட்டியே கருவியைச் சோதித்து, அதன் அமைப்பை மாற்றி வைத்து, கண்காணித்தபடியே ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனால் ஒருவர்கூட சாகவில்லை. ஒரே ஒரு ஐ.சி.டி. பெட்டி மட்டும் கெட்டுப்போய் மாற்றப்பட்டது. அதை முறைப்படி மாற்றி வைக்காமலே ஸ்கேன் எடுத்து இருக்கிறார்கள்!

மறைக்காதீங்க

கருவி வைத்தபோது கொடுத்த அட்டையைப் பத்திரமாக வைத்து இருங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். பச்சைச் சதுரம் போட்டு இருந்தால் பயம் இல்லை. மஞ்சள் முக்கோணம் என்றால் நிபந்தனையுடன் எடுக்கலாம். சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் கூடாது. பெட்டி மட்டும் அல்ல, கம்பியும் ஏற்றதாக இருக்கவேண்டும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. “பெட்டியைத்தான் எடுத்தாச்சே” என்று சொல்லிவிடுகிறார்கள். பெட்டியை எடுத்தாலும் பழைய கம்பியை உள்ளேயே விட்டு இருக்கலாம். அந்த வெறும் கம்பியும் சூடேறும். அதையும் சொல்லவேண்டும்.

நினைவு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகிறவரால் எதையும் சொல்ல முடியாது. அப்பா, அம்மா நெஞ்சில் என்ன கருவி இருக்கிறது, அட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து இருக்கட்டும்.

“முடியாது” என்று ஒரு இடத்தில் சொன்னாலும் பேசாமல் வீடு திரும்பவேண்டாம். கருவி வைத்த இதய டாக்டரிடம் அட்டையைக் காட்டி, வழி உண்டா என்று கேளுங்கள்.