போன வருஷம் வாங்கிய பள்ளிக்கு இந்த வருஷமும் பணம் உண்டா?

பெற்றோர் கேட்க வேண்டிய கணக்கு!

கொரட்டூர்,

பள்ளிக்கூடத்துச் சுவரில் சிவப்பாக ஒரு தீயணைப்புக் கருவி தொங்குகிறது. "அதான் வாங்கி மாட்டியாச்சே, இன்னும் என்ன?" என்று இருந்துவிட முடியுமா? முடியாது! அதில் உள்ள மருந்துக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் அது வெறும் தகர டப்பாதான்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ந் தேதி பள்ளியில் தீப்பிடித்து 94 பிஞ்சுகள் கருகின. அதன்பின் நடந்த வழக்கில், பள்ளிகளில் தீயணைப்புக் கருவி கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் உத்தரவிட்டது. நெல்லையில் 2021 டிசம்பர் 17-ந் தேதி பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் பலியானார்கள்.

கொரட்டூருக்கும் கவலை உண்டு. 2015 வெள்ளத்தில் தெருவுக்குள் புகுந்த தண்ணீரை ஜனங்கள் மறக்கவில்லை. ஈரம் குடித்த சுவரில் சுவிட்சு போர்டு இருந்தால் என்ன ஆகும்?

எவ்வளவு பணம்?

பழுது பார்க்கப் பணம் வேண்டுமே! "போன வருஷம்தானே வாங்கினீங்க" என்று தட்டிக் கழிக்க வழி இல்லை. சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கான மானியம் ஆண்டுதோறும் உண்டு. 2021-22 முதல் 2025-26 வரையிலான விதிப்படி, 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ரூ.10 ஆயிரம். 100 வரை ரூ.25 ஆயிரம். 250 வரை ரூ.50 ஆயிரம். 1,000 வரை ரூ.75 ஆயிரம். அதற்கு மேல் போனால் ரூ.1 லட்சம். கட்டிடம், கழிப்பறை பழுதுபார்ப்பும் இதில் அடக்கம்.

கணக்கு எங்கே?

மத்திய அரசிடம் நேரடியாக மானியம் வாங்கும் நிறுவனங்களுக்கு விதி இன்னும் கறார். 2017 பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் செலவுச் சான்று தர வேண்டும். தராவிட்டால் கறுப்புப் பட்டியல். அடுத்த மானியத்துக்கு ஆபத்து! ஒரே வேலைக்கு வேறு இலாகாவில் பணம் வாங்கவில்லை, கேட்கவும் இல்லை என்று உறுதியும் கொடுக்க வேண்டும்.

ஆக, முன்பு வாங்கியது குற்றம் அல்ல. கணக்குக் கொடுக்காததுதான் குற்றம்!

இந்தக் கணக்கைப் பார்க்கும் அதிகாரம் பெற்றோருக்கே உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசு, உதவி பெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அரசுப் பள்ளிகளில் மானியச் செலவைக் கண்காணிப்பது அவர்கள் வேலை.

அடுத்த கூட்டத்துக்குப் போகும் தாய்மார்கள் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: "வந்த பணம் எவ்வளவு? அந்தக் கருவிக்கு மருந்து மாத்தினது எப்போ?"