தீபாவளிக்கு மறுநாள் காலை

தீபாவளிக்கு மறுநாள் காலை லயத்து வாசலில் சிவப்புக் கடதாசித் துண்டுகள் சிதறிக் கிடக்கும். பெரியவர்கள் எழும்பு முன்னரே சிறுவர்கள் அவற்றிடையே குனிந்து தேடுவார்கள். அவர்கள் தேடுவது முதல்நாள் வெடிக்காமற் போன பட்டாசுகளை. அவற்றைப் பிரித்து, மருந்தைக் கடதாசியில் கொட்டித் தீ வைப்பதே அன்றைய விளையாட்டு. பண்டிகை முடிந்துவிட்டதென்று நாம் ஓய்ந்திருக்கும் வேளையில், ஒரு பிள்ளையின் விரலோ கண்ணோ போய்விடுகிறது.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பதும் இறப்பர் பால் வெட்டுவதும் கைதான். பேனா பிடித்து இந்த லயத்தை விட்டு முன்னேறட்டும் என்று பெற்றோர் நம்பியிருப்பதும் பிள்ளையின் அதே கையைத்தான்.

கம்பி மத்தாப்பு ஆபத்தில்லாதது என்று கைக்குழந்தையிடமும் கொடுக்கிறோம். கொதிநீரின் வெப்பம் 100 பாகை. மத்தாப்பின் வெப்பமோ 1000 பாகையைத் தொடும். அணைந்த கம்பியும் சுடும். அதை உடனே தண்ணீர் வாளியில் போட வேண்டும்.

வாங்கிய வெடிகளை அடுப்படியில் வைப்பதும் தவறு. 2016 ஏப்ரல் 10ஆம் திகதி கேரளத்தின் பரவூர் புற்றிங்கல் கோயிலில், சேர்த்து வைத்திருந்த வெடிகளில் தீப்பற்றி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எமது லயங்களில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழ்கின்றன என்பதை மறக்கலாகாது.

காயம் ஏற்பட்டால் என்ன செய்வது? சுட்ட இடத்தை உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், கயிறு ஆகியவற்றைக் கழற்றுங்கள். பற்பசை, மை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் மூடுங்கள். கண்ணில் பட்டால் கசக்கவோ அமுக்கவோ கூடாது. ஒரு கடதாசிக் கோப்பையால் கண்ணை மறைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும்.

இதற்கெல்லாம் முன்பாக நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒவ்வொரு லயத்திலும் இளைஞர் இருவர் பொறுப்பேற்கட்டும். வெடிக்காத பட்டாசை எவரும் மீண்டும் பற்றவைக்க விடக்கூடாது. அரை மணி நேரம் கழித்து, எட்ட நின்று தண்ணீர் ஊற்றி, நன்றாக நனைந்த பின் கூட்டி அள்ளி வாளியில் ஊறவிட வேண்டும். அன்றிரவே இந்த வேலை முடிய வேண்டும். விடியும்போது பிள்ளைகள் பொறுக்குவதற்கு வாசலில் ஒன்றும் மிஞ்சக்கூடாது.