புழுதியும் உறுமலும்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

பூம்புகார் என்றதும் வெளியூர் நண்பர்களுக்குக் கண்ணகியும் கோவலனும் நினைவுக்கு வருவர். பள்ளிச் சுற்றுலாவில் பார்த்துப்போன சிலப்பதிகாரக் கலைக்கூடம் நினைவுக்கு வரும். வகுப்புத் தோழியர் என்னிடம், "கடலோசையைக் கேட்டுக்கொண்டே படிப்பாய், கொடுத்து வைத்தவள்" என்பர். உண்மையில் சென்ற கோடையில் நான் தேர்வுக்குப் படித்தபோது கேட்டது கடலோசை அன்று. சைலன்சரைக் குடைந்த மோட்டார் சைக்கிள்களின் உறுமல். அவற்றை ஓட்டியவர்களுள் என் தம்பியும் ஒருவன்.

எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு திடல் இருக்கிறது. வீடு கட்டுவதற்கென்று எப்போதோ வண்டல் மண் அடித்து மேடாக்கி, கட்டாமலே விட்ட இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்க, இளைஞர்களுக்குப் பொழுது போவதில்லை. மாலை நான்கு மணிக்குத் திடலில் வண்டிகள் கூடிவிடும். மேலைநாடுகளில் இதற்கென்றே 'டர்ட் பைக்' என்னும் வண்டி உண்டு: உயர்ந்த மட்கார்டு, நீண்ட ஷாக் அப்சார்பர், பல் வைத்த டயர். எங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு காசு ஏது? தவணையில் வாங்கிய சாதாரண வண்டிக்கே பல் டயர் மாட்டி, மட்கார்டைக் கழற்றி, சைலன்சரின் வயிற்றையும் எடுத்துவிட்டால் அதுதான் எங்கள் ஊர் டர்ட் பைக். 2015-இல் டக்கார் பந்தயத்தை ஓடி முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷின் படம் என் தம்பியின் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. மண்மேட்டில் ஏறி வண்டி ஒரு கணம் அந்தரத்தில் நிற்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும். முதல் இரண்டு நாள் நானும் கைதட்டியவள்தான்.

மூன்றாம் நாள் அம்மா காய வைத்திருந்த நெத்திலியில் புழுதி படிந்துவிட்டது. திருவெண்காட்டுப் பக்கம் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர் பாதிக் கருவாட்டோடு திரும்பி வந்தார். "வாயில போட்டா நறநறங்குதாம். அடுத்த வாட்டி கழுவிக் காயவச்சு எடுத்தாங்குறாங்க" என்று கூடையை இறக்கி வைத்தார். அப்பா பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லையாதலால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய், காலை பத்து மணிக்குக் கரை சேர்ந்து, மீனை ஏலம் விட்டு, வலையைச் சரிசெய்து, பிற்பகலில்தான் கண் அயர்வார். நான்கு மணிக்கு அவர் தூக்கம் போய்விடும். எதிர்வீட்டு ஆயாவுக்கு இரைப்பு. ஆறு மணி வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பார்.

நான் இயற்பியல் மாணவி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். இந்தப் படிப்பு இந்த ஒரு காரியத்துக்காவது உதவாதா என்று எண்ணி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சைலன்சர் என்பது வெறும் குழாய் அன்று. சிலிண்டரில் பெட்ரோல் எரிந்து முடிந்து வெளியேற்று வால்வு திறக்கும்போது, மிகுந்த அழுத்தமுள்ள வாயு வெடித்துக்கொண்டு வெளியே பாய்கிறது. ஒற்றைச் சிலிண்டர் நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழன்றால், வினாடிக்கு 50 வெடிப்புகள். சைலன்சருக்குள் அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. ஒலி அலைகள் அவற்றுள் மோதித் திரும்பி, ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கண்ணாடிப் பஞ்சு வைத்த சைலன்சரில் ஒரு பகுதி வெப்பமாக மாறுகிறது. கடையில் தனியாக விற்கும் சைலன்சர்களில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது 'டிபி கில்லர்' என்னும் சாண் அளவுக் குழாய். ஒரே ஒரு திருகைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். வந்தும் விடுகிறது!

இனி டெசிபெல் கணக்கு. இது மடக்கைக் கணக்கு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒலிச்செறிவு பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். நூறு மடங்கானால் 20 டெசிபெல். ஒரே மாதிரி வண்டி ஒன்றுக்குப் பதில் இரண்டு ஓடினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. இதன் பொருளைக் கவனியுங்கள். சைலன்சரைக் குடைந்ததால் ஒரு வண்டியின் ஓசை 20 டெசிபெல் கூடியது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வண்டி, சரியான சைலன்சர் உள்ள நூறு வண்டிகளுக்குச் சமம். பத்துப் பேரில் ஐந்து பேரைத் திடலை விட்டு விரட்டினாலும் குறைவது 3 டெசிபெல்தான். வீட்டுக்குள் இருப்பவருக்கு அந்த வேறுபாடு சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. பத்துப் பேரும் ஓட்டட்டும், சைலன்சரை மட்டும் பழையபடி மாட்டட்டும் என்றால் 20 டெசிபெல் குறையும். "பசங்களை அடிச்சு விரட்டணும்" என்று தெருவில் பேசிக்கொண்டிருந்தவர்களும், "எங்களை ஓட்டவே விடமாட்டேங்கிறாங்க" என்று முறைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் சண்டை போட்டது தவறான பொருளுக்காக என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். தூரம் இரு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு, முழு முடுக்கத்தில் 7.5 மீட்டர் தள்ளி அளந்தால் 80 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளர்களுக்கு விதி. அந்த 80 குறைந்து 55 ஆக ஏறத்தாழ 133 மீட்டர் போதும். சைலன்சரைக் குடைந்து 100 ஆக்கிவிட்டால், அதே 55-க்கு வர ஏறத்தாழ 1,330 மீட்டர் வேண்டும். காற்றும் நிலமும் உறிஞ்சுவதைச் சேர்க்காத தோராயக் கணக்குத்தான் இது. ஆயினும் ஒரு தெருவின் தொல்லை எப்படி ஓர் ஊரின் தொல்லை ஆகிறது என்பதைக் காட்டப் போதும். இதில் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. பிற்பகலில் காற்று கிழக்கிலிருந்து வீசும். தரையருகே அதன் வேகம் குறைவு, மேலே மிகுதி. ஆதலால் காற்றோடு செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைந்து வீடுகளின் மேல் இறங்குகிறது. எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடுகிறது. திடலுக்குக் கிழக்கே வலை பின்னுகிறவர்கள் "அப்படி ஒன்றும் சத்தமில்லையே" என்று சொல்வது பொய்யன்று.

55 என்று ஏன் கொண்டேன் எனில், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று வரையறுத்திருக்கிறார்கள். பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. எங்கள் அப்பாவின் இரவு பிற்பகல் ஒரு மணிக்குத் தொடங்குகிறது என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மேலும் அந்த 55 என்பது சராசரி. இரண்டு மணி நேர உறுமலைப் பதினாறு மணி நேரப் பகலின் மேல் பரப்பினால் 9 டெசிபெல் கரைந்துபோகும். தூக்கம் கலைவதற்குச் சராசரியா தேவை?

புழுதிக்கு வருவோம். ஆய்வகத்தில் விளக்கெண்ணெய் ஜாடியில் எஃகுக் குண்டுகளைப் போட்டு, ஸ்டாப் வாட்ச் பிடித்து, ஸ்டோக்ஸ் விதியைச் சரிபார்த்தோம் அல்லவா? அதே விதி காற்றில் விழும் துகளுக்கும் பொருந்தும். துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் விழும் வேகம் நூறில் ஒன்றாகும். கடல் மணல் போன்ற பருமனான துகள், அதாவது 100 மைக்ரான் உடையது, வினாடிக்கு அரை மீட்டர் அளவில் விழுகிறது. பெரிய துகளுக்கு விதி சற்றே பிசகும் என்பதால் தோராயமாகச் சொல்கிறேன். இரண்டு மீட்டர் உயரம் கிளம்பினாலும் நான்கு வினாடியில் தரை சேரும். வினாடிக்கு 3 மீட்டர் காற்று அதை 12 மீட்டருக்கு மேல் கொண்டுபோகாது. வண்டலின் 10 மைக்ரான் துகளோ வினாடிக்கு 8 மில்லிமீட்டர்தான் விழும். அதே உயரத்திலிருந்து இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 750 மீட்டர் போய்விடும். கண்ணுக்குத் தெரிகிற புழுதி கருவாட்டைக் கெடுக்கிறது. தெரியாத புழுதி ஆயாவின் நெஞ்சுக்குள் போகிறது. 10 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று 2009-இல் மைய அரசு தரம் விதித்ததும் இதனால்தான்.

ஆகவே இடத்தைப் பொறுத்ததே புழுதி. வெறும் மணலில் ஓட்டினால் அருகில் இருப்பவருக்குத்தான் தொல்லை. மேட்டூர் அணை மூடிய பின் காய்ந்து கிடக்கும் வாய்க்கால் படுகை, அறுவடை முடிந்து வெடித்த வயல், எங்கள் திடல் போன்ற வண்டல் நிலத்தில் ஓட்டினால் தெரு முழுவதற்கும் தொல்லை. ஈரம் இருந்தால் துகள்களுக்கிடையே நீர் பாலம் போலப் பற்றிக்கொண்டு அவற்றை எழ விடாது. சாணம் கரைத்து வாசல் தெளிக்கும் நம் தாய்மார்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் புழுதியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். உப்பளத்தில் மிஞ்சும் கசப்பு நீரில் உள்ள மெக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், மண் சாலைகளுக்குத் தெளிக்கலாம் என்றாள் வேதியியல் துறைத் தோழி. வேதாரண்யம் நமக்குத் தூரமில்லைதான். ஆனால் ஊற்று நீர் உப்பாகிவிடுமே! வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

சவுக்கு நட்டால் சத்தம் நின்றுவிடும் என்பார்கள் பலர். சவுக்கு புழுதியை வடிகட்டும், காற்றை முறிக்கும்; ஓசையைத் தடுக்க நாலு வரிசை மரம் போதாது. கீற்று வேலியும் அப்படியே. வண்டி கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கும் மண் கரை ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் இருந்தால் ஐந்து டெசிபெலாவது குறையும்.

சட்டம் இல்லாமல் இல்லை. வண்டியைத் தயாரிப்பாளர் அமைத்த விதத்திலிருந்து இஷ்டம்போல் மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். 2019 திருத்தத்துக்குப் பின், மாற்றிய உரிமையாளருக்கு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஓசை வரம்பை மீறிப் பொது இடத்தில் ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. என் தம்பியின் தவணையே மாதம் முடிந்தால் தடுமாறுகிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓட்ட ஆசைப்படுகிறவன் எங்கே போவான் என்பதையும் கேட்க வேண்டும் அன்றோ? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல்லாண்டு பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடம் அமைத்துக்கொண்டது. நம் ஊருக்கும் இது புதிதன்று. பகுதி-1 தமிழில் படித்தோமே: பழைய புகாரில் கைவினைஞரும் வணிகரும் கடலோரம் மருவூர்ப்பாக்கத்தில், குடியிருப்பு உள்ளே பட்டினப்பாக்கத்தில், இரண்டுக்கும் நடுவே மரச்சோலையில் நாளங்காடி. குதிரை செலுத்துவோரும் தேர்ப்பாகரும் பட்டினப்பாக்கத்திலேயே இருந்தனர் என்று ஐயா வகுப்பில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அந்தக் காலத்திலும் ஏதோ ஒரு தாய் புழுதியைத் திட்டியிருப்பாள்.

மே 1 கிராம சபையில் தெருப் பெண்கள் பதினோரு பேர் கையெழுத்திட்டு ஒரு மனுக் கொடுத்தோம். திடலில் வண்டி ஓட்டுவதை மாற்ற வேண்டும், வீடுகளிலிருந்து தள்ளி வேறு இடம் பார்த்துத் தர வேண்டும், அதுவரை கோடையில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று எழுதினேன். கல்லூரியில் படிக்கிற பெண் எழுதியது என்று அம்மா எல்லாரிடமும் சொன்னார். அது எனக்குச் சற்று வெட்கமாகவும் இருந்தது.

தம்பியிடம் கணக்கைக் காட்டினேன். ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் போட்டிருந்த எண்களை உற்றுப் பார்த்தான். "அப்ப நான் ஒருத்தன் நூறு பேரா, அக்கா?" என்று பெருமையோடு சிரித்தான். நான் நோட்டை மூடிவிட்டேன்.

அடுத்த வாரம் அப்பாவுடன் போகிறவர் காய்ச்சலில் படுத்ததால், மூன்று நாள் தம்பி கடலுக்குப் போனான். மூன்றாம் நாள் பிற்பகல் திண்ணையில் விழுந்தவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நான்கு மணிக்குத் திடலில் வண்டி கிளம்பியது. எழுந்து உட்கார்ந்தான்; அப்பா பக்கம் பார்த்தான். அப்பா ஏற்கெனவே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

அன்று மாலை பரணில் பழைய வலைக்கடியில் கிடந்த சைலன்சரை இறக்கினான். மாட்டும் போல்ட் ஒன்றைக் காணவில்லை. "நாளைக்கு மாயவரம் போறப்ப வாங்கிட்டு வாக்கா" என்று அளவுக்கு ஒரு போல்ட்டை என் பையில் போட்டான். அலை நனைத்த ஈர மணலில் ஓட்டப்போவதாகச் சொன்னான். ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் அங்கே போகாதே, ஆமை முட்டையிடும் காலம், டயர்ப் பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடல் சேராது என்றேன். திடலில் இன்னும் மூன்று வண்டிகள் உறுமுகின்றன. அவற்றுள் ஒன்றின் டிபி கில்லர் எந்த வீட்டு முற்றத்தில் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.